பைபாஸா, ஸ்டென்ட்டா, கூரை பிரிப்பதா, சும்மா விடுவதா?

அண்ணனின் சி.டி. ஸ்கேன் ரிப்போர்ட்டின் கடைசிப் பத்தியில் ‘மேலிக்னன்ட் கோர்ஸ்’ என்று இருந்தது. அண்ணி அதை எழுத்துக் கூட்டிப் போனில் படித்துவிட்டு, “தம்பி, இது அந்த வார்த்தைதானே?” என்று கேட்டார். எங்கள் சித்தியை இரண்டு வருடம் அடையாறுக்கு அழைத்துப் போய் வந்த வீடு இது. மேலிக்னன்ட் என்றால் என்ன என்று யாரும் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்று ராத்திரி வியாசர்பாடியில் எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் டாக்டரைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. கேன்சர் இல்லை. இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் கரோனரிக் குழாய் பிறவியிலேயே தப்பான இடத்தில் முளைத்து, வம்பான வழியாகப் போனால் அந்த வழிக்கு வைத்திருக்கும் பழைய பெயர் அது. ஆளைப் பயமுறுத்துகிறது என்பதால் அந்தச் சொல்லைத் தவிர்க்கிறவர்கள் உண்டாம். எங்களுக்கு ரிப்போர்ட் எழுதியவர் தவிர்க்கவில்லை.

அண்ணனுக்கு 39 வயது. ‘குட்டி யானை’ ஒன்று வைத்துக்கொண்டு காசிமேட்டிலிருந்து மார்க்கெட்டுகளுக்கு மீன் பெட்டி ஏற்றிப் போகிறார். ஓட்டுவதும் அவர்தான், பெட்டி தூக்குவதும் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை ஃபுட்பால். வியாசர்பாடிக்காரனுக்கு அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஜனவரியில் ஒரு மேட்ச்சின் இரண்டாம் பாதியில் நெஞ்சை இறுக்கி, கண் இருட்டி, மைதானத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பக்கத்துக் கிளினிக்கில் கேஸ் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். மூன்று வாரம் கழித்து ஐஸ் பெட்டி தூக்கும்போது மறுபடியும் அதே. ஈ.சி.ஜி. நார்மல், எக்கோ நார்மல், டிரெட்மில் நார்மல். இதோடு வீட்டுக்கு வந்திருப்போம். இரண்டாவதாகப் பார்த்த இதய டாக்டர்தான், “ஓடும்போது கண் இருட்டுச்சுன்னு சொல்ற ஆளைப் படம் எடுக்காம நான் அனுப்ப மாட்டேன்” என்று சி.டி. ஆஞ்சியோவுக்கு எழுதினார்.

அந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் இருக்கிறது. இந்த மாதிரிக் குழாயோடு விளையாடித் திடீரென்று இறந்துபோன 27 இளம் வீரர்களைப் பற்றி 2000-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அவர்களில் உயிரோடு இருந்தபோது டிரெட்மில் சோதனை செய்துகொண்டவர்கள் 6 பேர். ஆறு பேருக்கும் நார்மல். இந்த ஒரு விஷயத்தில் டிரெட்மில் ‘ஒன்றும் இல்லை’ என்றால், ஒன்றும் இல்லை என்று அர்த்தமில்லை.

சுவருக்குள் பதித்த குழாய்

எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்று பேசுவதற்கு முன்னால், கோளாறு எங்கே என்று புரிந்தாக வேண்டும். எங்களுக்கு அது புரியவே இரண்டு வாரம் ஆனது. புரியாமல் பேசிய அந்த இரண்டு வாரமும் வீண்.

இதயத்திலிருந்து உடம்புக்குக் கிளம்பும் பெரிய குழாய் மகாதமனி. கிளம்பும் இடத்தில், வால்வுக்குச் சற்று மேலே, கிண்ணம் கிண்ணமாக மூன்று குழிவுகள். வலது குழிவிலிருந்து வலது கரோனரி, இடது குழிவிலிருந்து இடது கரோனரி. மூன்றாவதில் ஒன்றும் இருக்காது. அண்ணனுக்கு வலது கரோனரியும் இடது குழிவிலிருந்தே கிளம்புகிறது. அங்கிருந்து வலப்பக்கம் வர வேண்டுமே, அதற்காக மகாதமனிக்கும் நுரையீரல் தமனிக்கும் நடுவே உள்ள சந்தில் நுழைகிறது. ஆயிரம் பேரில் ஒருவர் முதல் மூன்று பேருக்கு இப்படி இருக்கலாம் என்கிறார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் தெரியாமலே வாழ்ந்து முடித்துவிடுவார்கள். இதற்கு நேர்மாறாக, இடது கரோனரி வலது குழிவிலிருந்து கிளம்புவது இன்னும் பல மடங்கு அபூர்வம். ஆனால் உயிராபத்து அதில்தான் அதிகம். இடம் மாறி முளைத்த எல்லாக் குழாயும் ஆபத்தும் இல்லை. இடப்பக்கக் கிளை ஒன்று மட்டும் வலப்பக்கத்தில் முளைத்து மகாதமனிக்குப் பின்புறமாகச் சுற்றிப் போனால், பெரும்பாலும் அதை அப்படியே விட்டுவிடுவார்கள்.

சந்தில் நுழைகிறது என்றதும் எல்லோரும் ஒரே மாதிரிதான் நினைத்தோம். இரண்டு லாரிக்கு நடுவே மாட்டிய சைக்கிள் போல, ஓடும்போது இரண்டு பெரிய குழாய்களும் விரிந்து சின்னதை நசுக்குகின்றன என்று. சொந்தக்காரர்களிடம் நானே இப்படித்தான் விளக்கிக்கொண்டிருந்தேன். அது சரியில்லை. நுரையீரல் தமனிக்குள் மேல் அழுத்தம் சாதாரணமாக 25 பக்கம்தான். கரோனரிக்குள் ஓடுவது மகாதமனியின் அழுத்தம், 120. தளர்ந்த குழாய் விறைத்த குழாயை நசுக்காது.

உண்மையான வில்லங்கம் மகாதமனியின் சுவரில். இப்போது கட்டும் வீடுகளில் சுவரைக் கொத்தி, தண்ணீர்க் குழாயை உள்ளே பதித்து, மேலே பூசிவிடுகிறார்களே, அது மாதிரி அண்ணனின் கரோனரி முதல் 9 மில்லிமீட்டர் தூரம் மகாதமனியின் சுவருக்குள்ளேயே ஓடி, அப்புறம்தான் வெளியே வருகிறது. வீட்டுச் சுவர் அசையாது. மகாதமனியின் சுவர் ஒவ்வொரு துடிப்புக்கும் விரியும். ஓடினால், எடை தூக்கினால், இன்னும் வேகமாக, இன்னும் அதிகமாக விரியும். சுவர் இழுபட்டால் உள்ளே பதிந்த குழாய் தட்டையாகிவிடும். போதாததற்கு அது கிளம்பும் வாயும் வட்டமாக இல்லை. கத்தியால் கீறினது போல ஒரு கீற்று. உட்கார்ந்திருக்கும்போது தேவையான ரத்தம் வந்துவிடுகிறது. தேவை கூடும் நேரம் பார்த்துக் குழாய் சுருங்குகிறது. ஈ.சி.ஜி. எடுக்கப் படுத்திருந்தபோது ஒன்றும் தெரியாததற்குக் காரணம் இதுதான்.

ஆக, ரிப்போர்ட்டில் நாங்கள் பயந்த அந்த ஒரு சொல்லைவிட முக்கியமான விவரங்கள் நான்கு இருந்தன: எந்தக் கரோனரி, வாய் வட்டமா கீற்றா, சுவருக்குள் எவ்வளவு நீளம், வேறு எங்காவது கொழுப்பு அடைப்பு உண்டா. அண்ணனுக்கு அடைப்பு எங்கேயும் இல்லை. இந்த நான்கையும் வைத்துத்தான் கீழே சொல்லும் எல்லா வழியையும் எடை போட வேண்டும். சிகிச்சைகளில் எது பெரியது, எது புதியது என்று பார்த்தால் குழம்பிவிடுவோம். நசுங்கும் அந்த 9 மில்லிமீட்டரை எது சரி செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

நைனாவின் பைபாஸ்

எங்கள் வீட்டில் இதயம் என்றால் பைபாஸ். நைனா, அதாவது எங்கள் அப்பா, பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2004-ல் அவருக்குப் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் பைபாஸ் நடந்தது. இந்தியாவில் வெற்றிகரமாகச் செய்த முதல் பைபாஸே 1975-ல் அதே ஆஸ்பத்திரியில், டாக்டர் கே. எம். செரியன் செய்ததுதான். நைனா அதைத் தானே பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி சொல்லுவார். இன்றைக்கும் காலையில் நடந்து போய் டீ குடித்துவிட்டு வருகிறார். “காலுலருந்து ஒரு நரம்ப எடுத்து வச்சுத் தெச்சா முடிஞ்சுது, இதுக்கு ஏன்டா இவ்ளோ பேச்சு?” என்பதுதான் அவருடைய தீர்ப்பு. தெருவிலும் அதே பேச்சுதான். மனசுக்குள் நானும் அந்தக் கட்சிதான்.

அறுவை நிபுணரிடம் கேட்டபோது, அவர் பேப்பரில் ஒரு தொட்டியும் இரண்டு குழாயும் வரைந்தார். நைனாவுக்குச் சொந்தக் குழாய் அடைத்துக்கிடந்தது. புதிதாக வைத்த குழாய்தான் தொட்டியை நிரப்பியாக வேண்டும், அதனால் அதில் ரத்தம் விடாமல் ஓடிற்று, ஓடிய குழாய் உயிரோடு இருந்தது. அண்ணனுக்கு நாளில் பெரும்பகுதி சொந்தக் குழாய் நன்றாகவே திறந்திருக்கிறது. அது தொட்டியை நிரப்பிக்கொண்டிருக்கும்போது புதுக் குழாயில் ரத்தம் எதற்காக ஓடும்? ஓட்டம் குறைந்தால் ஒட்டுக் குழாய் மெல்லச் சுருங்கி அடைந்துபோகும். வருடத்தில் சில நிமிடங்கள், மைதானத்தில் ஓடும்போது, அது தேவைப்படும். அப்போது அது இருக்காது.

“அப்போ சொந்தக் குழாயை அடியில் கட்டிவிட்டால்?” என்று கேட்டேன். செய்யலாம், செய்கிறார்கள். ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் முழுக்க ஒட்டுக் குழாயை மட்டும் நம்பி இருக்க வேண்டும். காலிலிருந்து எடுக்கும் ரத்தக்குழாய் (நைனா ‘நரம்பு’ என்றது இதைத்தான்) பத்து வருடத்தில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அடைந்துவிடும். நெஞ்சின் உட்புறத்திலிருந்து எடுக்கும் தமனி அதைவிட நன்றாக உழைக்கும் என்றாலும், 39 வயதுக்காரருக்கு நல்ல நிலையில் இருக்கும் குழாயைக் கட்டிவிட்டு இரவல் குழாயில் வாழச் சொல்வது அறுவை நிபுணருக்குச் சரியாகப் படவில்லை. 60 வயதில், கொழுப்பு அடைப்பும் சேர்ந்து இருந்தால் கணக்கு மாறும். அல்லது குழாய் கிளம்பும் இடம் வேறு எதற்கும் வசதி தராவிட்டால். அப்போது பைபாஸ்தான் சரியான வழியாகக்கூட இருக்கலாம்.

நைனாவை ஒத்துக்கொள்ள வைக்க இந்தத் தொட்டிப் படம் போதவில்லை. மெட்ரோ வாட்டர் வரும் நேரத்தில் யாராவது லாரித் தண்ணிக்குக் காசு கொடுப்பார்களா என்று அண்ணி கேட்டார். அதற்கப்புறம் நைனா பைபாஸ் பேச்சை எடுக்கவில்லை.

ஸ்டென்ட்

குழாயை உள்ளிருந்து விரித்துப் பிடிக்கும் கம்பி வலைதான் ஸ்டென்ட். இதைப் பற்றி நீளமாக எழுத ஒன்றும் இல்லை. நெஞ்சைத் திறக்க வேண்டாம், மூன்று நாளில் வீடு, பத்து நாளில் வண்டி ஓட்டலாம் என்பதால் அண்ணனுக்கு இதன்மேல்தான் ஆசை. வெளிநாட்டில் சில இடங்களில், குழாய்க்குள்ளே அனுப்பும் அல்ட்ராசவுண்டை வைத்து அளந்து, சுவருக்குள் நசுங்கும் பகுதியில் ஸ்டென்ட் வைத்து நல்ல பலன் பார்த்திருக்கிறார்கள். ஆனால் வழக்கமான ஸ்டென்ட் உள்ளேயிருக்கும் கொழுப்பைத் தள்ளிக்கொண்டு நிற்க வேண்டும். இங்கே வெளியிலிருந்து ஒரு நாளைக்கு லட்சம் தடவை அழுத்தும் சுவரைத் தாங்கி நிற்க வேண்டும். வாய் கீற்றாக, சாய்வாக இருப்பதால் கம்பியை உள்ளே நுழைப்பதே சிரமம். பிறகு மறு அடைப்புப் பயம், ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரை. மீன் பெட்டி ஓரத்தில் கை கிழிந்துகொண்டே இருக்கும் தொழிலில் அந்த மாத்திரையும் ஒரு தொல்லை. அறுவையைத் தாங்காத உடம்புக்கு இது நல்ல மாற்று. அண்ணன் உடம்பு அப்படி இல்லை.

சும்மா விடுவது

சும்மா விடுவது என்று நான் சொல்வது கொஞ்சம் அநியாயம். அதுவும் ஒரு சிகிச்சைதான், சிலருக்கு அதுதான் சரி. வலது கரோனரி இப்படிக் கிளம்பியிருந்து, எந்தத் தொந்தரவும் இல்லாமல், வேறு எதற்கோ எடுத்த சி.டி.யில் தற்செயலாகத் தெரிந்தவர்கள்தான் இப்போது அதிகம். சி.டி. எடுப்பது பெருகப் பெருக இவர்கள் எண்ணிக்கையும் பெருகும். இவர்களில் 50 வயதைத் தாண்டியவரின் நெஞ்சைத் திறப்பதில் நன்மையைவிட ஆபத்து அதிகமாக இருக்கலாம். திடீர் மரணங்களில் பெரும்பாலானவை 35 வயதுக்குள், அதுவும் கடுமையாக ஓடும்போதோ ஓடி முடித்த உடனேயோ நடந்தவை. வயது ஏற ஏற அந்த ஆபத்து இறங்குகிறது. சுவர் கெட்டிப்பட்டு விரிவது குறைவதாலா, ஓடுவதையே நாம் விட்டுவிடுவதாலா, எப்படியோ.

பிறவி இதயக் கோளாறுள்ள பெரியவர்களுக்கான அமெரிக்க வழிகாட்டி 2018-ல் வந்தது, ஐரோப்பிய வழிகாட்டி 2020-ல். இரண்டும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகின்றன. உழைக்கும்போது நெஞ்சுவலி போன்ற தொந்தரவு இருந்து, அந்தக் குழாய் ரத்தம் கொடுக்கும் பகுதி உண்மையிலேயே பட்டினி கிடக்கிறது என்று சோதனையில் தெரிந்தால், அறுவை செய்ய வேண்டும். வலது பக்கக் கோளாறுக்கு தொந்தரவும் இல்லை, பட்டினியும் இல்லை, அமைப்பும் ஆபத்தானதாக இல்லை என்றால், அறுவை வேண்டாம் என்றே ஐரோப்பிய வழிகாட்டி சொல்கிறது. இடது பக்கக் கோளாறுக்கு இந்த நிதானம் கிடையாது. தொந்தரவே இல்லாவிட்டாலும், அதுவும் இளம் வயதில், அறுவையைப் பற்றிப் பேசியாக வேண்டும். இந்த வழிகளை ஒன்றோடொன்று நேராக மோதவிட்டு, ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்த ஆய்வு எதுவும் நடக்கவில்லை. இத்தனை அபூர்வமான நோய்க்கு அது நடப்பதும் கஷ்டம். வழிகாட்டிகளே அனுபவசாலிகள் கூடிப் பேசி எழுதியவைதான். டாக்டருக்கு டாக்டர் சொல்வது கொஞ்சம் மாறுவதைப் பார்த்து மிரள வேண்டாம்.

அண்ணனை ஓடவைத்து, இதயத்தில் எந்தப் பகுதிக்கு ரத்தம் போய்ச் சேருகிறது என்று காட்டும் தாலியம் ஸ்கேன் எடுத்தார்கள். ஓய்வில் இதயம் முழுக்க ஒரே நிறம். ஓடிய படத்தில் கீழ்ச்சுவர் மங்கிக் கிடந்தது. அந்தக் கீழ்ச்சுவர் வலது கரோனரியின் பாத்தி. டிரெட்மில் பேப்பரில் தெரியாதது இதில் தெரிந்துவிட்டது.

இருந்தும் அண்ணன் கேட்டார்: “பந்து ஆடல, பெட்டி தூக்கல, மாத்திரை போட்டுக்கறேன். அப்போ விட்டுடலாம்ல?” பீட்டா பிளாக்கர் என்ற மாத்திரை துடிப்பின் வேகத்தையும் உதைப்பையும் குறைக்கும், தொந்தரவும் குறையும். திடீர் மரணத்தை அது தடுக்கும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. அதைவிட, ‘ஓடாமல் இரு’ என்பது ஆபீசில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்குச் சொல்லக்கூடிய சிகிச்சை. விடியற்காலை மூன்று மணிக்குக் காசிமேட்டில் ஏலம் முடிந்ததும் வண்டி முந்துகிறவனுக்குத்தான் வாடகை. அங்கே நடந்து போகிறவனுக்கு வேலை இல்லை. இந்த வழியின் விலை பில்லில் வராது. ஆயுசு முழுக்க ஒரு கூலிக்காரருக்குக் கொடுக்கும் சம்பளமாகவும், ஒவ்வொரு தடவை அவர் மாடிப்படி ஏறும்போது அண்ணி வாசலில் நிற்பதாகவும் வரும்.

கூரை பிரிப்பது

டாக்டர்கள் அன்ரூஃபிங் என்கிறார்கள். கூரை பிரிப்பது என்று நானாகச் சொல்லிக்கொள்கிறேன். நெஞ்செலும்பை நடுவே பிளந்து, இதய நுரையீரல் இயந்திரத்தில் போட்டு, இதயத்தை நிறுத்தி, மகாதமனியைத் திறக்கிறார்கள். உள்ளே பார்த்தால் சுவரில் அந்தக் கீற்று வாய் தெரியும். அதிலிருந்து, சுவருக்குள் குழாய் ஓடும் வழி நெடுக, மகாதமனியின் பக்கத்தில் மூடியிருக்கும் மெல்லிய படலத்தை வெட்டித் திறந்துவிடுகிறார்கள். சுவரில் பதித்த குழாயின் பூச்சை உடைத்து எடுத்த மாதிரி. இனி அங்கே குழாய் இல்லை, திறந்த வாய்க்கால்தான். குழாய் சுவரை விட்டு வெளியேறும் இடமே அதன் புது வாயாகிவிடுகிறது. அந்த இடம் தானாகவே வலது குழிவில், அது முதலிலேயே இருந்திருக்க வேண்டிய பக்கத்தில், வந்து அமைகிறது. ஓரங்களை நூலால் தைத்துப் பதிய வைப்பார்கள்.

முதன்முதலாக இதைக் கேட்டபோது எனக்குப் பிடித்தது, இதில் இரவல் எதுவும் இல்லை என்பது. காலிலிருந்து குழாய் வேண்டாம், கம்பி வலை வேண்டாம், சொந்தக் குழாய் சொந்த ரத்தத்தில் ஓடும். கீற்று வாய், சுவருக்குள் பதிவு, சாய்ந்த கிளம்பல் என்ற மூன்று கோளாறும் ஒரே வெட்டில் தீர்கின்றன. அனுபவமுள்ள இடங்களில், வேறு நோய் இல்லாதவருக்கு, உயிராபத்து நூற்றில் ஒன்று என்ற அளவிலோ அதற்கும் கீழோதான்.

ஆனால் இதில் ஒரு முடிச்சு இருக்கிறது, அதைக் கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. இரண்டு குழிவுகளும் சந்திக்கும் மூலையில்தான் மகாதமனி வால்வின் இதழ்கள் மாட்டியிருக்கின்றன. சுவருக்குள் ஓடும் குழாய் அந்த மாட்டலுக்கு மேலாகப் போனால் தொல்லை இல்லை. கீழாகப் போனால், கூரையைப் பிரிக்கும்போது இதழின் பிடிப்பு போய்விடும். அதை அவிழ்த்துத் திரும்பத் தைக்க வேண்டும், அப்படிச் செய்தவர்களில் சிலருக்கு வால்வு பின்னால் ஒழுக ஆரம்பிக்கும். அந்த மாதிரி அமைப்பில் முழுவதும் பிரிக்காமல், வலது குழிவில் மட்டும் புது வாய் ஒன்றைத் திறந்துவிடுவதும் உண்டு. அண்ணனுக்குக் குழாய் மாட்டலுக்கு மேலே. சி.டி.யைக் கம்ப்யூட்டரில் திருப்பித் திருப்பிக் காட்டி இதைச் சொன்னார் அறுவை நிபுணர். பேப்பர் ரிப்போர்ட்டில் இந்த விவரம் இல்லை. ஆகவே சி.டி. ஸ்கேனை ஃபிலிமாக மட்டும் வாங்கி வராமல், கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கும் டிஸ்க்கில் முழுப் படமாகக் கேட்டு வாங்குங்கள்.

இதற்கு மாற்றாக, குழாயை வேரோடு அறுத்து வலது குழிவில் நட்டுவிடும் முறையும் இருக்கிறது. சுவருக்குள் ஓடும் நீளம் மிகக் குறைவாகவோ இல்லாமலோ இருந்தால் பிரிக்கக் கூரையே இருக்காது, அப்போது நடுவதுதான் வழி. நட்ட இடத்தில் மடங்காமல், இழுபடாமல் இருக்க வேண்டும். அது முழுக்க முழுக்கக் கைத்திறன். 9 மில்லிமீட்டர் கூரை இருக்கும்போது அதை நாங்கள் மேற்கொண்டு யோசிக்கவில்லை.

யாரிடம், எங்கே, எப்போது

வழி முடிவான பிறகும் இடம் முடிவாகவில்லை. வடசென்னையில் ஸ்டான்லி இருக்கிறது. வயதானவர்கள் வாயில் அது இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிதான். சென்ட்ரல் எதிரே ஜி.எச். இருக்கிறது. இரண்டிலும் இதய அறுவைப் பிரிவு உண்டு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எங்களிடம் இருக்கிறது, குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியிலும் அது செல்லும். நைனாவின் ரயில்வே அட்டை சம்பாதிக்கும் மகனுக்கு உதவாது. அதில் அவருக்கு இன்னும் வருத்தம்.

பணத்தைவிட எங்களைக் குழப்பியது வேறு. இது பெரியவருக்கு வந்திருக்கும் குழந்தைகள் நோய். தினம் மூன்று பைபாஸ் செய்யும் நிபுணர் வருடத்தில் ஒரு கூரை பிரிப்பாவது செய்வாரா என்பது சந்தேகம். பிறவி இதயக் கோளாறுகளைச் செய்கிறவர்களுக்கு, ஒரு மில்லிமீட்டர் குழாயோடு தினசரிப் பழக்கம். நாங்கள் பார்த்த ஒரு இடத்தில் எல்லா வசதியும் இருந்தது, பேச்சும் தன்மை. ஆனால் “இந்த ஆபரேஷன் எத்தனை பண்ணியிருக்கீங்க சார்?” என்றதற்குப் “பைபாஸ் ஆயிரக்கணக்கில்” என்று பதில் வந்தது. கேட்டது அதில்லையே. இன்னோர் இடத்தில், மடியில் கைக்குழந்தைகளோடு அம்மாக்கள் காத்திருந்த வரிசையில் மீசைக்கார அண்ணன் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார். அந்த வரிசைதான் சரியான வரிசை.

“எனக்கும் இருக்குமா?” என்று நான் தனியாகக் கேட்டுப் பார்த்தேன். பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை என்றார் டாக்டர். இருந்தாலும் அண்ணன் பையன் ஃபுட்பால் டீமில் இருப்பதால் அவனுக்கு ஒரு எக்கோ எடுத்தோம். கரோனரி இரண்டும் கிளம்பும் இடத்தைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டு எடுக்க வேண்டும், சொல்லாவிட்டால் வழக்கமான எக்கோவில் அதைத் தேட மாட்டார்கள். சரியாக இருந்தது.

தேதியைக் குறித்தது அண்ணி. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு போகாது, எப்படியும் வண்டிக்குப் பாதி வேலைகூட இருக்காது. பிளந்த நெஞ்செலும்பு கூட எட்டு வாரம், அதுவரை வண்டி ஓட்டக் கூடாது. எடை தூக்க மூன்று மாதம். “கடவுளே போட்டுக் குடுத்த லீவு தம்பி” என்றார். டாக்டர் யோசித்தார். தொந்தரவு தெரிந்த ஆளை இரண்டு மாதம் காக்க வைப்பது அவருக்கு உவப்பாக இல்லை. மாத்திரை தவறக் கூடாது, பெட்டி தூக்க ஆள், மைதானம் பக்கமே போகக் கூடாது, நெஞ்சு இறுக்கமோ மயக்கமோ ஒரு தடவை வந்தாலும் அன்றைக்கே அட்மிஷன் என்ற நிபந்தனைகளோடு ஒத்துக்கொண்டார். இடது கரோனரியாக இருந்தால் ஒரு வாரம்கூடக் கொடுத்திருக்க மாட்டேன் என்றார். பெட்டி தூக்க வந்த பையனுக்குக் கொடுத்த கூலியை அண்ணன் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறார்.

ஏப்ரல் மூன்றாவது வாரம் கூரையைப் பிரித்தார்கள். ஏழாம் நாள் வீடு. முதல் வாரம் இருமல்தான் எமன். ஒரு இருமலுக்கு நெஞ்சு இரண்டாகப் பிளக்கிற மாதிரி இருக்கும். அந்த விஷயத்தில் எங்கள் எல்லோரையும்விட நைனாவுக்குத்தான் அனுபவம். 2004-ல் தான் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமிய தலையணையை எங்கிருந்தோ தேடி எடுத்து வந்து, “இறுக்கிக் கட்டிக்கோ, அப்புறம் இருமு” என்று காட்டிக்கொடுத்தார். பைபாஸ்காரருக்கும் கூரை பிரித்தவருக்கும் எலும்பு ஒன்றுதானே. ஆஸ்பிரின் சில மாதத்துக்கு. மூன்று மாதம் முடிந்ததும் மறுபடி ஓடவைத்து ஸ்கேன் எடுப்பார்கள், கீழ்ச்சுவர் மங்காமல் இருந்தால்தான் பந்தைத் தொடலாம். அது ஜூலையில்.

தடை முடிந்த ஜூன் 15 விடியற்காலை, படகுகள் கிளம்புவதைப் பார்த்தே ஆக வேண்டும் என்று அண்ணன் அடம்பிடித்தார். குட்டி யானையை நான்தான் ஓட்டினேன். எனக்கு அதன் கியர் பிடிபடவே இல்லை, வழி முழுக்கத் திட்டு. பக்கத்து சீட்டில், பெல்ட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவே நைனாவின் தலையணையை வைத்துக்கொண்டு உட்கார்ந்து வந்தார்.